இன்னும் ஒரே ஒரு சந்தேகம், சார்! - 'கொலம்போ' கேள்வி பதில்

லாஸ் ஏஞ்சலீஸ் போலீசின் கொலைவழக்குப் பிரிவில் லெப்டினன்ட். கசங்கிய மழைக்கோட்டு, வாயில் மலிவு சுருட்டு. பீட்டர் ஃபாக் நடித்து 1968 முதல் 2003 வரை விட்டுவிட்டு வந்த 69 கதைகள்தான் 'கொலம்போ' தொலைக்காட்சித் தொடர். அதுபற்றி வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும் இங்கே. பல கதைகளின் முடிவைப் போட்டு உடைத்திருக்கிறோம். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

கே: கொலையாளியை முதலிலேயே காட்டிவிடுகிறார்கள். அப்புறம் ஒரு மணி நேரம் எதற்கு உட்கார்ந்து பார்ப்பது? (திருநெல்வேலி வாசகர்)

ப: அவன் எங்கே சறுக்கினான் என்பதற்காக. கொலை நம் கண்ணெதிரே நடக்கிறது, ஆனால் தப்பு எங்கே நடந்தது என்பது நமக்கும் பிடிபடுவதில்லை. ஆட்டமே அதில்தான். ஆஸ்டின் ஃப்ரீமன் என்ற ஆங்கில எழுத்தாளர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கதைகளில் செய்து பார்த்த முறை இது. கொலம்போவைப் படைத்த ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்க்கும் அதைத் திரைக்குப் பொருத்தினார்கள்.

விளம்பரத்தோடு 90 நிமிடம் என்றால் கதைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 75 நிமிடம். அதில் முதல் கால்வாசி வரை நாயகன் தலையையே காட்ட மாட்டார். பெரிய நட்சத்திரம் யாரும் இதற்குச் சம்மதிப்பாரா என்று யோசித்துப் பாருங்கள்.

கே: கொலம்போ என்ற பெயருக்கும் இலங்கையின் கொழும்புக்கும் தொடர்பு உண்டா?

ப: இல்லை. இவர் இத்தாலிய வம்சாவளி, அது குடும்பப் பெயர். ஆங்கிலத்தில் எழுத்தும் ஒன்று வேறுபடும்.

கே: எதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

ப: 1971 செப்டம்பர் 15 அன்று வந்த 'மர்டர் பை த புக்'. இயக்கியவர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், அப்போது அவருக்கு வயது 24. எழுதியவர் ஸ்டீவன் போச்கோ. இரண்டு எழுத்தாளர்கள் கூட்டாகத் துப்பறியும் நாவல் போடுகிறார்கள். எழுதத் தெரிந்தவர் ஒருவர், பேசத் தெரிந்தவர் இன்னொருவர். எழுதத் தெரிந்தவர் பிரிந்து போகப் பார்க்கிறார், பேசத் தெரிந்தவர் சுட்டுக் கொல்கிறார். தொடக்கத்தில் பின்னணி இசை கிடையாது. தட்டச்சுப்பொறியின் தட் தட் சத்தம்தான், அதன்மேல் கார் வந்து நிற்கும்.

அடுத்து 'சூட்டபிள் ஃபார் ஃப்ரேமிங்' (1971), 'எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்' (1973), 'நெகட்டிவ் ரியாக்‌ஷன்' (1974). இந்த நாலும் பிடிக்காவிட்டால் மற்ற 65-ஐயும் விட்டுவிடலாம். 1989இல் வேறு சேனலுக்குப் போய்த் தொடர்ந்த 24 கதைகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் நீளம் கூடிவிட்டது, வேகம் குறைந்துவிட்டது.

கே: கொலம்போ பிடித்துக் கொடுத்தவர்களில் பாதிப் பேராவது கோர்ட்டில் தப்பித்திருப்பார்கள் என்பது என் கட்சி. சரியா? (கோவை வாசகி, வழக்கறிஞர்)

ப: பாதிக்கு மேலேயே என்போம். மேலே சொன்ன 'மர்டர் பை த புக்' கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அகப்படும் ஆதாரம், செத்தவர் எப்போதோ குறித்து வைத்த ஒரு கதைக்கரு. கொலை நடந்த முறை அதில் அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்ததும் ஆசாமி சரணடைகிறான். ஒரு சாதாரண வக்கீல் போதும், "ரெண்டு பேரும் சேர்ந்து யோசிச்ச கதைதானே?" என்று கேட்டுத் தள்ளிவிடுவார்.

'எனி ஓல்ட் போர்ட்' கதையும் அப்படித்தான். ஒயின் ரசிகர் ஒருவர் தம்பியை அடித்துப் போட்டு, நிலவறையில் கட்டி வைத்து, குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு நியூயார்க் போய்விடுகிறார். தம்பி மூச்சுமுட்டிச் சாகிறான். அந்த வாரம் கடும் வெயில், நிலவறை ஒயின் அத்தனையும் கெட்டுப்போகிறது. அதே அறையிலிருந்து கொலம்போ ஒரு போர்ட் ஒயின் புட்டியை நைசாக எடுத்து, உணவகத்தில் அவருக்கே பரிமாற வைக்கிறார். ஒரு வாய் குடித்ததும் கெட்டுவிட்டது என்று கத்துகிறார் மனிதர். பாத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான கண்ணி அமையாது, அவர் நாக்கே அவரைக் காட்டிக்கொடுக்கிறது. சாட்சியமாகப் பார்த்தால் ஓட்டை. போர்ட் என்பது சாராயம் சேர்த்த ஒயின், ஆல்கஹால் சுமார் 20 சதவீதம். சாதாரண ஒயினைவிடச் சூடு தாங்கும். தடித்த சுவருக்குள் சில நாள் வெப்பத்தில் சுவை கொஞ்சம் மழுங்கலாம். வாயில் வைக்க முடியாமல் போகுமா என்று எதிர்த்தரப்பு நிச்சயம் கேட்கும்.

கோர்ட்டில் நிற்கக்கூடியது 'நெகட்டிவ் ரியாக்‌ஷன்'. மனைவியைக் கொன்ற புகைப்படக்காரர், அவள் கடத்தப்பட்டதுபோல் ஒரு படம் எடுத்திருக்கிறார். படத்தில் கடிகாரம் இரண்டு மணி காட்டுகிறது. கொலம்போ அதை இடவலம் மாற்றிப் பெரிதாக அச்சிட்டு வைக்கிறார். கண்ணாடியில் பார்க்கும் கடிகாரத்தின் நேரம் வேண்டுமென்றால் 12-இலிருந்து கழித்தால் போதும். இரண்டு மணி பத்து மணியாகிவிடும். பத்து மணிக்கு அவரிடம் அலிபி (வேறு இடத்தில் இருந்ததற்கான சாட்சி) இல்லை. "மாற்றி அச்சடித்திருக்கிறீர்கள், மூல நெகட்டிவ் அந்தக் கேமராவிலேயே இருக்கும்" என்று சீறிக்கொண்டு போய், அலமாரியில் வரிசையாக இருக்கும் கேமராக்களில் சரியான ஒன்றைக் கையில் எடுக்கிறார். எந்தக் கேமரா என்று கொலைகாரனுக்குத்தானே தெரியும்? அறையில் இருந்த போலீஸ்காரர்களே சாட்சி. பொய்யான அச்சைக் காட்டி ஏமாற்றியது சரியா என்று நீங்கள் வாதிடலாம். ஆனால் அந்தக் கை நீண்டதை யாராலும் திரும்ப வாங்க முடியாது.

கே: 'சூட்டபிள் ஃபார் ஃப்ரேமிங்' கதையில் பிணத்தின்மேல் மின்போர்வை போர்த்தி, செத்த நேரத்தையே மாற்றிவிடுகிறானே. நிஜத்தில் முடியுமா?

ப: உடலின் சூடு மணிக்கு முக்கால், ஒரு டிகிரி செல்சியஸ் அளவில் இறங்கும். போர்வை அதைத் தடுக்கும், அதுவரை சரி. ஆனால் சூடு கூடினால் தசை விறைப்பு சீக்கிரம் வந்துவிடும். உடம்பு வெதுவெதுப்பாகவும் தாடை இறுகியும் இருந்தால் பிரேதப் பரிசோதனை செய்பவர் புருவம் தூக்குவார்.

சூட்டை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் நல்ல சூழலிலும் கிட்டத்தட்ட 2.8 மணி நேரம் முன்பின் பிழை வரும். கதையில் இடைவெளி சின்னது. கொன்ற பிறகு கூட்டாளிப் பெண் வந்து இன்னொரு முறை சுட, காவலாளி காதில் அது விழுகிறது. அந்த ஒரு வெடிச்சத்தமே போதும், போர்வை வீண் செலவு.

முடிவு மட்டும் வைரம். செத்தவர் வீட்டிலிருந்து திருடுபோன ஓவியங்களில் கொலம்போவின் கைரேகை. "இப்போதுதான் தொட்டீர்கள்!" என்கிறான் கொலைகாரன். கோட்டுப் பையிலிருந்து இரண்டு கையையும் எடுக்கிறார் கொலம்போ. கையுறை போட்டிருக்கிறார். முன்பு ஒரு ராத்திரி அவன் வீட்டில் அந்தப் படங்களைத் தொட்ட ரேகை அது. வசனமே வேண்டாம்.

கே: ஷூ நாடாவை வைத்துக் கண்டுபிடிக்கும் கதை நம்பும்படி இருக்கிறதா?

ப: 'ஆன் எக்சர்சைஸ் இன் ஃபேட்டாலிட்டி' (1974). உடற்பயிற்சிக் கூட முதலாளி ஒருவர் கூட்டாளியைக் கொன்று, பயிற்சி உடை மாட்டி, நாடாவையும் கட்டிவிடுகிறார். இன்றே வீட்டில் செய்து பாருங்கள். உங்கள் ஷூவை நீங்களே கட்டுங்கள். பிறகு ஒருவரை உட்கார வைத்து, எதிரே மண்டியிட்டு அவர் ஷூவைக் கட்டுங்கள். எந்த நாடா மேலே வருகிறது, வளையம் எந்தப் பக்கம் விழுகிறது என்று ஒப்பிடுங்கள். இரண்டும் இடவலம் மாறியிருக்கும்.

எச்சரிக்கை: பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பார்க்கும் திசையிலேயே பார்த்துக் கட்டினால் வித்தியாசம் தெரியாது. செத்தவர் பழக்கமாக எப்படிக் கட்டுவார் என்று அவருடைய மற்ற ஷூக்களையும் பார்த்தாக வேண்டும். கொலம்போவும் முடிச்சோடு நிற்கவில்லை. செத்தவர் உடை மாற்றிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார் என்கிறான் கொலைகாரன். அவர் தானாக உடை மாற்றவே இல்லை என்றால் அது அவனுக்கு எப்படித் தெரியும்? மாட்டியது அந்த வாயால்தான்.

கே: கொலம்போவின் முதல் பெயர் ஃபிலிப்பா, ஃபிராங்கா?

ப: ஃபிலிப் என்பது ஒரு பொறி. ஃப்ரெட் வொர்த் என்பவர் தம் துணுக்குத் தகவல் நூலில், யாராவது காப்பியடித்தால் பிடிக்கலாம் என்று அந்தப் பெயரை இட்டுக்கட்டிச் சேர்த்திருந்தார். 'டிரிவியல் பர்சூட்' என்ற வினாடி வினா விளையாட்டில் அதே பெயர் வந்தது. 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார், தோற்றார். தகவலுக்குக் காப்புரிமை கிடையாது என்று 1987இல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பாயிற்று. கொலம்போ பாணிப் பொறி, கொலம்போ பாணியிலேயே கோர்ட்டில் நிற்கவில்லை. ஃபிராங்க் என்பது 'டெட் வெயிட்' கதையில் அவருடைய அடையாள அட்டையை நிறுத்திப் பார்த்தால் தெரியும். ஆனால் லெவின்சன், லிங்க் அவருக்கு முதல் பெயர் வைக்கவே இல்லை.

கே: அந்தக் கோட்டு, கார், திரும்பி வந்து "இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்பது எல்லாம் யார் யோசனை?

ப: கோட்டு ஃபாக் சொந்தமாக வைத்திருந்தது. காரும் அவர் பொறுக்கியதுதான். ஸ்டூடியோ வண்டிகளுக்கு நடுவே மூக்கை நீட்டிக்கொண்டு நின்ற 1959 பெஜோ 403, திறந்த கூரை.

அந்த வசனம் சோம்பேறித்தனத்தில் பிறந்தது. தொடருக்கு முன் மேடை நாடகமாக எழுதியபோது ஒரு காட்சி நீளம் போதவில்லை, கொலம்போ ஏற்கெனவே வெளியே போய்விட்டார். தட்டச்சு செய்த பக்கத்தை மறுபடி அடிக்க மனமில்லாமல், அவரைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொரு கேள்வி கேட்க வைத்தார்கள். படப்பிடிப்பில் ஃபாக் தம் பங்குக்குப் பென்சில் தேடுவார், பையைத் துழாவுவார். எழுத்தில் இல்லாததையும் பேசுவார். எதிரே நிற்பவர் முகத்தில் தெரியும் எரிச்சலில் பாதி நிஜம்.

கே: இதே பாணியில் 20 நிமிடக் குறும்படம் எடுக்க ஆசை. எங்கே தொடங்குவது? (தஞ்சாவூர் வாசகர்)

ப: கடைசிக் காட்சியில். கொலையாளிக்கு எதில் கர்வம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஒயின் நாக்கு, கேமரா கண், ஓவிய ஞானம், எதுவோ ஒன்று. மாட்டுவது அதனாலேயே இருக்க வேண்டும். அதிலிருந்து பின்னோக்கித் திட்டத்தைக் கட்டுங்கள்.

பிறகு ஒரு கேள்வி: குற்றமற்றவன் இந்த இடத்தில் என்ன செய்வான்? 'மர்டர் பை த புக்' கதையில் பிணம் வீட்டுப் புல்வெளியில் கிடக்கும்போது அவன் தபாலைப் பிரித்துப் படிக்கிறான். யாருக்காவது அந்த நேரத்தில் கரண்ட் பில் பார்க்கத் தோன்றுமா? அந்த மாதிரி ஒரு சின்ன நடத்தை கிடைத்துவிட்டால் சந்தேகத்துக்கு வழி பிறக்கும். நிரூபணத்துக்கு அது போதாது, தனியே ஒரு பொருள் வேண்டும்.

20 நிமிடத்தில் கொலைக்கு ஐந்து, விசாரணைக்கு பன்னிரண்டு, கண்ணிக்கு மூன்று. மூன்று துப்புக்கு மேல் போனால் பார்ப்பவருக்கு எதுவும் மனதில் நிற்காது. முடிவில் உதவும் பொருளைக் கொலைக் காட்சியிலேயே இரண்டு விநாடியாவது காட்டிவிடுங்கள், ஆனால் குளோசப் வேண்டாம். குளோசப் வைத்தால் அங்கேயே கதை முடிந்தது. பலரும் சொதப்புவது கொலையாளியை முட்டாளாக்கி. அவன் எல்லாக் கேள்விக்கும் நம்பும்படி பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில்களில் ஒன்றுதான் பிறகு அவனையே பிடிக்கும்.

கே: கொலம்போவின் மனைவியைக் காட்டவே இல்லையே, நிஜமாகவே இருக்கிறாரா?

ப: இருக்கிறார் என்று நம்புகிறோம். 1979இல் அவரை நாயகியாக்கி 'மிசஸ் கொலம்போ' என்று தனித் தொடரே விட்டார்கள். கேட் மல்குரூ நடித்தார். படைப்பாளிகள் இருவருக்கும் அதில் பங்கில்லை, உடன்பாடும் இல்லை. 13 கதையோடு நின்றுபோயிற்று. அதற்குள்ளேயே நாயகியின் பெயரிலிருந்து கொலம்போவையும் எடுத்துவிட்டார்கள். நாயைத்தான் காட்டினார்கள், 1972 முதல். அதற்கும் பெயர் வைக்கவில்லை. 'நாய்' என்றே கூப்பிடுவார்.