எந்த நாளில் நினைப்பது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையோடு 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கினேன். எங்கள் செக்‌ஷனில் பத்துப் பேர். அங்கே ஒருவர்கூடச் சாகவில்லை, எல்லாரும் ஊர் திரும்பினோம். இன்று அதில் நாலு பேர் இல்லை. ஒருவன் குடித்தே செத்தான். ஒருவன் தூக்கு. ஒருவனுக்கு மாரடைப்பு. கடைசியாகப் போனவனுக்குப் புற்றுநோய். நவம்பர் 25, அங்கே சண்டையில் உயிர்விட்டுப் பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் நினைவு நாள். அன்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்த நாலு பேர் படத்தையும் போட்டு வீரவணக்கம் என்று எழுதினேன். "போரில் சாகாதவனுக்கு எதற்கு வீரவணக்கம்?" என்று கேட்டார்கள். இவர்களைத் தியாகிகள் என்று சொல்லலாமா? எந்த நாளில் நினைப்பது? எங்காவது ஒரு கல் வைக்கலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள அண்ணனுக்கு,

தியாகி என்று சொல்ல ஆசையிருந்தால் சொல்லுங்கள், யாரும் வழக்குப் போட மாட்டார்கள். குழுவில் கேள்வி கேட்டவர்களோடு மல்லுக்கு நிற்காதீர்கள். கல் வைப்பதாக இருந்தால் வையுங்கள், திறப்பு விழாவுக்கு எம்எல்ஏவை மட்டும் கூப்பிடாதீர்கள். கல்லில் உங்கள் நால்வர் பெயருக்கு மேலே அவர் பெயர் வந்துவிடும்.

கல் வைக்கிற எல்லாரும் எங்காவது ஒரு கோடு போடத்தான் செய்கிறார்கள். சென்னை நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறை இருக்கிறதே, அதைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையத்துக்கு இரண்டாம் உலகப் போர் என்பது 1947 டிசம்பர் 31 வரை. அதற்குள் போர்க்காயத்தால் செத்தவருக்குக் கணக்கில் இடம் உண்டு. அதே காயத்தால் மறுநாள் விடிந்து செத்தவருக்கு இல்லை. வாஷிங்டனில் வியட்நாம் போருக்காக 1982-இல் எழுப்பிய சுவரில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. வீடு திரும்பி, அமெரிக்கப் படையே அங்கே காட்டில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியின் நஞ்சில் நோய்ப்பட்டுச் செத்தவர்களையும், தாங்க முடியாமல் தங்களை முடித்துக்கொண்டவர்களையும் அந்தச் சுவர் ஏற்பதில்லை. அவர்களுக்காக 2004-இல் பக்கத்தில் ஒரு தகடு பதித்தார்கள், அதில் பெயர்கள் கிடையாது. டெல்லியில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவகத்தில் 25,942 பெயர்கள் என்று அறிவித்தார்கள். உங்கள் நால்வர் அங்கேயும் வரமாட்டார்கள். அரசாங்கம் அப்படித்தான் செய்யும், அதற்கு ஒரு பதிவேடு வேண்டும். உங்களுக்கு ஏன் அந்தப் பதிவேடு வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அமைதிப்படைக்காரர்களுக்கு இதற்கு மேல் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. 1990 மார்ச்சில் நீங்கள் திரும்பியபோது சென்னையில் நடந்த வரவேற்புக்குப் போக மாட்டேன் என்றார் முதல்வர் கருணாநிதி. அந்தக் கசப்பை நீங்கள் ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஏறத்தாழ 1,200 பேரைப் பறிகொடுத்துவிட்டு வந்த படைக்கு அது வலிக்கும்தான். ஆனால் 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் மருத்துவர்களும் தாதிகளும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, அதைப் பற்றிக் கடிதத்தில் மூச்சே இல்லை. நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. அதைத் தள்ளி வைத்துவிட்டு உங்கள் நண்பர் ஏன் குடித்தார் என்று பேச முடியாது என்கிறேன். ஒரு வீட்டுக் கதவை உடைக்கும்போது உள்ளே இருந்து வரும் கெஞ்சல், பக்கத்தில் நின்ற சீக்கியச் சிப்பாய்க்கு வெறும் சத்தம். உங்களுக்கும் உங்கள் நண்பருக்கும் ஒவ்வொரு சொல்லும் புரிந்திருக்கும். அதை அவர் யாரிடம் சொல்லியிருக்க முடியும்?

இப்போது நான் திட்டப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் வெட்டிய பகுதியில் யாழ்ப்பாணத்து உரும்பிராய் உண்டு, கோப்பாய் உண்டு, ராத்திரி ரோந்து உண்டு, தண்ணீர் பாட்டிலைப் பகிர்ந்து குடித்தது உண்டு. எல்லாம் நன்றாகவே இருக்கிறது. அப்புறம் நாலு பேரும் திரும்பி வருகிறார்கள், உடனே செத்துவிடுகிறார்கள். இடையில் பதினைந்து, இருபது, முப்பது வருடம் ஓடியிருக்கிறது அண்ணே! அதைப் பற்றி ஒரு வரி இல்லை. "ஒருவன் தூக்கு." ஒரு மனுஷனுக்கு இவ்வளவுதானா? அவர் என்ன வேலை பார்த்தார், எத்தனை பிள்ளைகள், கடைசியாக உங்களிடம் எப்போது பேசினார், எதுவும் இல்லை. தெரிந்தும் எழுதாமல் விட்டீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தெரியாது.

என் சித்தப்பா ராணுவத்தின் சப்ளை, போக்குவரத்துப் பிரிவான ஏஎஸ்சியில் லாரி ஓட்டுநர். உங்களைப் போலவே அங்கே போய் முழு உடம்போடு வந்தவர். பென்ஷனோடு வெளியே வந்து, ஒரு வங்கி ஏடிஎம் வாசலில் இரவுக் காவல் பார்த்தார். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. டிவிஎஸ் ஐம்பதில் சித்தியைப் பின்னால் வைத்துக்கொண்டு போகும்போது வழியில் மதகு வந்தால் வண்டியை நிறுத்துவார். சித்தி இறங்கிக்கொள்வார். அவர் மட்டும் ஓட்டி அந்தப் பக்கம் போய் நின்று கையைக் காட்டுவார். அதற்குப் பிறகுதான் சித்தி நடந்து வரவேண்டும். யாழ்ப்பாணத்துச் சாலைகளில் மதகுக்கு அடியில் என்ன புதைத்து வைத்திருப்பார்கள் என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கத்து வாய்க்கால் மதகுக்கு அடியில் தவளைதான் இருந்தது. சித்தி ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. மழையிலும் இறங்கினார், கைக்குழந்தையோடும் இறங்கினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள், நாங்கள் பிள்ளைகளும் சிரித்தோம்.

அவர் 2006-இல் போனார். ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். காரியத்தன்று கூட வேலை பார்த்தவர்கள் வந்து திண்ணையில் உட்கார்ந்து, அவர் எப்படி ராத்திரியில் விளக்கில்லாமல் லாரியை ஓட்டி வந்தார் என்று மணிக்கணக்காகப் பேசினார்கள். எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். சித்தி உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தவர் என்னிடம், "இவங்க சொல்ற ஆளை நான் பார்த்ததே இல்லையேப்பா" என்றார். வந்தவர்களில் ஒருவர்கூட உள்ளே போய், இந்தப் பதினாறு வருஷம் எப்படி இருந்தான் என்று கேட்கவில்லை. மதகு விஷயம் அவர்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள் என்பது மட்டும் நிச்சயம், அந்தத் திண்ணையில் அதைப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் அவர்கள்தான். அதற்காகத்தான் அவர்கள் கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் நால்வரும் சண்டையில் செத்திருந்தால், உங்களுக்குத் தெரிந்ததுதான் அவர்கள் கடைசிக் கதை. அவர்கள் பிழைத்து வந்தார்கள். மிச்சக் கதை முழுக்க அவர்கள் வீட்டுப் பெண்களிடம் இருக்கிறது. தூக்கம் வராத ராத்திரிகளை அந்தப் பெண்கள்தான் பார்த்தார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு இருபது வயதுச் சீருடைப் படத்தை மட்டும் குழுவில் போட்டு வீரவணக்கம் என்றால், உங்கள் நண்பருக்கு 1990-க்குப் பிறகு நடந்த வாழ்க்கையே கணக்கில் இல்லை என்று ஆகிறது. போரில் சாகாதவனுக்கு எதற்கு என்று கேட்டவரும் அதைத்தானே சொல்கிறார்?

சித்தி கதையில் இன்னொன்றும் உண்டு, இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதிய ஆணையான பிபிஓவில் சித்தி பெயர் வேறு மாதிரி இருந்தது. கல்யாணமான புதிதில் பார்ட் டூ ஆர்டரில், அதாவது படையின் பதிவில், ஏற்றும்போது யாரோ வீட்டுப் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், ரேஷன் கார்டில் இருந்தது பள்ளிக்கூடப் பெயர். குடும்ப ஓய்வூதியம் நின்றுபோனது. ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்குப் போன கடிதங்களுக்குப் பதில் வந்தது, புரிகிற மாதிரி வரவில்லை. திண்ணையில் லாரிக் கதை சொன்ன வீரர்கள் யாரும் அதற்குள் வரவில்லை. படையில் கிளார்க்காக இருந்த ஒருவர், அன்று மூலையில் பேசாமல் இருந்தவர், டிஸ்சார்ஜ் புத்தகத்தை வாங்கிப் போய், பிரமாணப் பத்திரம் எழுத வைத்து, சித்தியைக் கையோடு கூட்டிக்கொண்டு அலைந்து வாங்கிக் கொடுத்தார். இப்போது ராணுவ ஓய்வூதியத்துக்கு எல்லாம் ஸ்பார்ஷ் என்ற இணையதளம் என்கிறார்கள், கணினியில் என்கிறார்கள். பெயர் பொருந்தாவிட்டால் கணினியும் அதே பாட்டைத்தான் பாடும்.

எந்த நாள் என்று கேட்டீர்கள். நாலு பேருக்கும் நாலு தேதி இருக்கிறது, அவரவர் வீட்டில் படத்துக்கு மாலை போடுகிறார்கள். உங்களுக்கு அந்தத் தேதிகள் தெரியவில்லை என்றால் பரமேஸ்வரன் நாளைக் கடன் வாங்காதீர்கள், வீட்டில் போய்க் கேளுங்கள். தூக்குப் போட்டுக்கொண்டவர் வீட்டுக்கு முதலில் போங்கள், அங்கேதான் யாரும் போயிருக்க மாட்டார்கள். உரும்பிராய்க் கதையை அவர்கள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு, டிஸ்சார்ஜ் புத்தகம், பாஸ்புக் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள். மனைவி பெயர் ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எனக்கு எழுதுங்கள். அந்த கிளார்க் அண்ணன் இன்னும் இருக்கிறார், கண் சரியாகத் தெரியாது, ஆனால் எந்தப் படிவம் எங்கே போக வேண்டும் என்பது மனப்பாடம். உங்களுக்கு அவர் எண்ணைத் தருகிறேன்.