32 நொடியில் அறுந்துபோகும் அழைப்பு

கோவை வாசகர் ஒருவர் தன் பார்சல் அலுவலகத்துக்கு இணையம் வழியாகப் பேசும் சிப் (SIP) கணக்கு வாங்கி, கணினியில் லின்போன் என்ற அழைப்புச் செயலியைப் போட்டிருக்கிறார். அழைப்பு போகிறது, பேசவும் முடிகிறது, ஆனால் அரை நிமிடத்தில் கட்டாகிவிடுகிறது. கணக்கு போட்டுக் கொடுத்தவர் 9,000 ரூபாய்க்குத் தனி 'சிப் ரவுட்டர்' வாங்கச் சொல்கிறாராம். வாங்கலாமா என்று கேட்கிறார்.

வாங்காதீர்கள். முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். சரியாக 32 நொடியில் அறுகிறதென்றால், பெரும்பாலும் இப்போதுள்ள ரவுட்டரில் ஒரு அமைப்பை மாற்றினாலே தீர்ந்துவிடும். சிப் குரலைச் சுமப்பதில்லை. மணி அடிப்பது, எடுப்பது, வைப்பது, குரல் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்பது, இவ்வளவுதான் அதன் வேலை. அழைப்பை எடுத்த முனை, "சரி, தெரிந்தது" என்ற பதிலுக்காக 32 நொடி காத்திருந்து, வராவிட்டால் வைத்துவிடும். அந்தப் பதிலை வழியில் தொலைப்பது பல வீடுகளில் ரவுட்டருக்குள் இருக்கும் 'சிப் ஏஎல்ஜி' (SIP ALG) என்ற வசதிதான். உதவுவதாக நினைத்து முகவரியைத் திருத்தி, தப்பாக எழுதிவிடுகிறது. ரவுட்டர் பக்கத்தைத் திறந்து அதை அணைத்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் இது பலிக்காது. ஃபைபர்காரர் மாட்டிய பெட்டி ஒன்று, வைஃபைக்காக நீங்கள் வாங்கிய ரவுட்டர் இன்னொன்று என்று இரண்டு இருந்தால், இரண்டிலுமே அணைக்க வேண்டும். ஒன்றில் அணைத்துவிட்டு "சார், பலனில்லை" என்று திரும்பி வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மேசைக்கு அடியில் அந்த இரண்டாவது பெட்டி தூசியோடு மின்னிக்கொண்டிருக்கும். அது ஃபைபர்காரர் பெட்டி என்றால் அமைப்பைப் பூட்டி வைத்திருப்பார்கள், கஸ்டமர் கேரில் கேட்டால் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வார்கள். மாதாமாதம் பணம் கட்டுகிறவருக்கு ஒரு சுவிட்சைத் தட்ட உரிமை இல்லையா? அப்படிப் பூட்டியிருந்தால், லின்போனில் கணக்கின் இணைப்பு முறையை மறைக்காமல் அனுப்பும் யுடிபியிலிருந்து (UDP) மறையாக்கி அனுப்பும் டிஎல்எஸ்ஸுக்கு (TLS) மாற்றுங்கள் (சேவைக்காரர் அதைத் தருகிறாரா என்று கேட்டுக்கொண்டு). உள்ளடக்கம் பூட்டப்பட்டுவிடும், பெட்டியால் படிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது.

அதைவிட முக்கியம், கணக்கு போட்டுக் கொடுத்த அந்த ஆள் வைத்த கடவுச்சொல்லை இன்றைக்கே மாற்றுங்கள். எண் 101, கடவுச்சொல்லும் 101 என்று வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சிப் வழக்கமாகப் பயன்படுத்தும் 5060 போர்ட்டை, அதாவது அதன் நுழைவு எண்ணை, தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. உள்ளே புகுந்தால் வெளிநாட்டுக் கட்டண எண்களுக்குத் தொடர்ந்து அழைக்கும். நான் பார்த்த ஒரு அலுவலகத்தில் சனிக்கிழமை இரவு ஆரம்பித்து, திங்கள் காலை கடை திறக்கும்போது முன்பணம் முழுக்கக் காலி. வெளிநாட்டு அழைப்பு தேவையில்லை என்றால் சேவைக்காரரிடம் சொல்லி அதையும் அடைத்துவிடுங்கள்.