லுபுண்டுவில் தேவையில்லாத பேக்கேஜ்களை எப்படிக் கழிப்பது?

2 ஜிபி ரேம் லேப்டாப்பில் லுபுண்டு என்ற இலகுவான லினக்ஸ் போட்டிருக்கிறீர்கள், வேண்டாத பேக்கேஜ் (மென்பொருள் பொதி) ஒன்றை நீக்கப்போனால் லுபுண்டு-டெஸ்க்டாப்பும் சேர்ந்து போகும் என்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். பயப்பட வேண்டாம். அது வெறும் மெட்டா பேக்கேஜ், அதாவது மற்ற பேக்கேஜ்களின் பட்டியல், கல்யாண வீட்டுச் சாமான் சீட்டு மாதிரி. சீட்டைக் கிழித்தால் சாமான் காணாமல் போகாது.

கவனம் வேண்டியது அதற்கு அப்புறம்தான். ஒவ்வொரு பேக்கேஜும் நீங்கள் கேட்டு வந்ததா, இன்னொன்றுக்குத் துணையாகத் தானாக வந்ததா என்று, பேக்கேஜ்களைப் போடவும் நீக்கவும் உதவும் ஆப்ட் குறித்து வைத்திருக்கும். தானாக வந்தது யாருக்கும் தேவைப்படாமல் நின்றால் ஆப்ட்டின் ஆட்டோரிமூவ் கட்டளை அதைத் தூக்கிவிடும். செல்லூர் வீட்டில் ஒரு ராத்திரி, கரண்ட் போவதற்குள் முடித்துவிடலாம் என்று ஆட்டோரிமூவ் காட்டிய பட்டியலைப் படிக்காமலே சம்மதம் என்று ஒய் தட்டினேன், வைஃபை ஐகானே போய்விட்டது. மறுநாள் போனை யூஎஸ்பியில் மாட்டி நெட் எடுத்து, எதெல்லாம் போனது என்று ஆப்ட்டின் ஹிஸ்டரி லாகில் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டேன்.

அதனால் முதலில் ஆட்டோரிமூவோடு ஹைஃபன் எஸ் சேர்த்து ஓட்டுங்கள், எதையும் நீக்காமல் பட்டியலை மட்டும் காட்டும். அதில் பேனல், நெட்வொர்க் மேனேஜர் மாதிரி ஏதாவது தென்பட்டால் ஆப்ட்-மார்க் மேனுவல் என்று அடித்துப் பக்கத்தில் அதன் பெயரைக் கொடுங்கள், ஆட்டோரிமூவ் அதைத் தொடாது. பழைய கெர்னல்கள் (லினக்ஸின் மையப் பகுதி) பட்டியலில் வந்தால் சந்தோஷமாகப் போக விடுங்கள், இடம் அதிகம் அடைப்பது அவைதான். செட்டிங் கோப்புகளும் போகவேண்டுமென்றால் கட்டளையில் பர்ஜ் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். இடம்தான் பிரச்சினை என்றால் ஆப்ட் கிளீன் போதும், இறக்கி வைத்த பழைய டெப் (இன்ஸ்டால் செய்யும்) கோப்புகளெல்லாம் காலி.