ஆச்சி பதில்கள்: பூட்டிக் கிடக்கும் வீட்டை என்ன செய்யலாம்?

செட்டிநாட்டுக் கிராமம் ஒன்றில், மாமனார் கட்டிய வீட்டின் மூன்று அறைகளை விருந்தினருக்கு விட்டிருக்கும் ஆச்சி, மரபுச் சுற்றுலா பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: பள்ளத்தூர் பக்கம் எங்கள் பாட்டையா வீடு. ஒன்பது புள்ளி, அதாவது பங்குள்ள ஒன்பது குடும்பம். வருஷத்துக்கு ஒரு தடவை முன்னோருக்குச் செய்யும் படைப்புக்குத்தான் திறக்கிறோம். ஓடு ஒழுகுகிறது. பிரித்து விற்றுவிடலாம் என்கிறார்கள் பங்காளிகள். விருந்தினர் தங்கும் வீடாக்கினால் தேறுமா?
– வாசகர், சென்னை

தேறும் தம்பி. தயவுசெய்து பிரிக்காதீர்கள்.

எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி ஒரு வீட்டைப் பிரித்தபோது பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். முதல் நாள் முகப்பு நிலையும் கதவும் போயின. மறுநாள் நடு முற்றத்தைச் சுற்றியுள்ள வளவுத் தூண்கள். எல்லாம் பர்மாத் தேக்கு. கப்பலில் வந்து இறங்கி, மாட்டு வண்டியில் ஊர் சேர்ந்தவை. லாரியில் ஏற்ற அரை நாள்கூட ஆகவில்லை. தரகர் கொடுத்ததை அத்தனை புள்ளிக்கும் பங்கு வைத்தபோது, ஒருவருக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கும் அளவுக்குக்கூடத் தேறவில்லை. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவரை யார் வாங்குவார்கள்? அது மட்டும் நின்றது. இரண்டு மழைக்காலத்தில் அதுவும் சரிந்துவிட்டது. அந்த வீட்டு ஆச்சி அப்புறம் ஊர்ப்பக்கமே வரவில்லை.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் ஒன்பது புள்ளியும் உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ளுங்கள். வீட்டை விற்பதில்லை, இத்தனை வருஷம் இன்னார் பார்த்துக்கொள்வது, பராமரிப்பு போக மிச்சத்தில் பங்கு, படைப்புக்கும் அறுபதாம் கல்யாணச் சாந்திக்கும் வீடு பங்காளிகளுக்கு மட்டும் என்று. நாங்கள் வாய்ச் சொல்லாக விட்டுவிட்டு இரண்டு வருஷம் மனஸ்தாபப்பட்டோம்.

அடுத்தது ஓடு. கையில் இருக்கும் முதல் பணம் கூரைக்குத்தான் போக வேண்டும். ஏசியும் கட்டிலும் பிறகு பார்க்கலாம். குளியலறைக்காக வளவு அறைச் சுவரைக் குடையாதீர்கள், பின்கட்டில் சாமான் அறைகள் சும்மா கிடக்கும், அங்கே வைத்துக்கொள்ளுங்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் ஒரு அறையிலிருந்து ஆறு அறை வரை பதிவு செய்யலாம். ஆனால் உரிமையாளர் குடும்பம் அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும். அதனால் உங்களில் ஒருவராவது ஊர் திரும்ப வேண்டியிருக்கும். யார் வருகிறீர்கள் என்று முதலில் அதைப் பேசுங்கள்.

கேள்வி: சுற்றுலா வளர்ந்தால் லாபம் ஹோட்டல்காரர்களுக்குத்தானே? ஊருக்கு என்ன வரும்?
– கல்லூரி மாணவி, புதுக்கோட்டை

நல்ல கேள்வி கேட்டாய் அம்மா. விருந்தாளி காரில் வந்து, அறையிலேயே சாப்பிட்டு, காரிலேயே போய்விட்டால் ஊருக்கு ஒன்றும் வராது. அவரை வாசல்படி தாண்டி நடக்க வைக்க வேண்டும்.

1999இல் மீனாட்சி மெய்யப்பன் ஆச்சி காரைக்குடியில் ‘தி பங்களா’ விடுதியைத் திறந்தார். செட்டிநாட்டுச் சாப்பாட்டுக்காகவே வெளிநாட்டுக்காரர்கள் தேடி வந்தார்கள். அந்த அடுப்படிக்குப் பின்னால் சமையல்காரர், பால்காரர், காய்கறிக்காரர் என்று எத்தனை குடும்பம் என்று எண்ணிப் பார். கொட்டான் கதை இன்னொன்று. கல்யாணச் சீரில் அடுக்கடுக்காக வைக்கும் கொட்டான் என்ற ஓலைக் கூடையைப் பிளாஸ்டிக் வந்து விரட்டிவிட்டது. விசாலாட்சி ராமசாமி ஆச்சி தம் அறக்கட்டளை மூலம் கிராமத்துப் பெண்களுக்கு மறுபடி முடையச் சொல்லிக்கொடுத்தார். இன்று அதற்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கும் 2019இல் கிடைத்தது.

என் வீட்டுக்கு வருகிறவர்களை நான் முதலில் ஆத்தங்குடிக்குத்தான் அனுப்புவேன். அங்கே ஒரு தரைக் கல் பிறப்பதைப் பார்க்க வேண்டும். மேசைமேல் ஒரு கண்ணாடித் துண்டு, சுற்றி இரும்புச் சட்டம், உள்ளே பூ அச்சு. சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைச் சின்னக் கரண்டியில் மொண்டு, இதழுக்குச் சிவப்பு, நடுவில் மஞ்சள் என்று கை நடுங்காமல் ஊற்றுவார் அந்த அண்ணன். அச்சைத் தூக்கினால் ஒரு நிறம் இன்னொன்றோடு கலக்காது. மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்திக் காய வைப்பார், பிறகு நாள்கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் ஊறும். சூளை கிடையாது. கடைசியில் கண்ணாடியை எடுத்தால் கல் பளபளவென்று முகம் காட்டும். பாலீஷே போடுவதில்லை. போன மாதம் ஒரு பெங்களூர்த் தம்பதி வெறுமனே பார்க்கப் போனவர்கள், புது வீட்டுக் கூடத்துக்கே ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தார்கள். என் அறை வாடகை எனக்கு வந்தது. அந்த ஆர்டர் ஒரு பட்டறைக்குப் பல நாள் வேலை. ஊருக்கு வருகிற பணம் என்று நான் சொல்வது இதைத்தான்.

கேள்வி: எந்த மாதம் வரலாம்? எல்லா வீட்டையும் உள்ளே போய்ப் பார்க்கலாமா?
– வாசகி, கோவை

மார்கழி, தை நல்லது. சித்திரை வெயிலில் வராதீர்கள். கானாடுகாத்தானில் சில வீடுகளைக் கட்டணம் கொடுத்துப் பார்க்கலாம். மற்றவை குடியிருக்கும் வீடுகள், வாசலில் நின்று கேளுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவர்களை எந்த ஆச்சியும் தண்ணீர் கொடுக்காமல் அனுப்ப மாட்டாள்.

கேள்வி: செட்டிநாடு யுனெஸ்கோ பட்டியலில் வந்துவிட்டதா?
– வாசகர், திருச்சி

2014இல் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது. அது முதல் படிதான். அதில் வீடுகளை மட்டும் பார்க்கவில்லை. நேர்கோடாக ஓடும் தெருக்கள், மழைத் தண்ணீரைச் சேர்க்கும் முறை எல்லாம் சேர்த்துத்தான் பெருமை. வளவு முற்றத்தில் விழும் மழை அண்டாவுக்குப் போக மிச்சம் வடிகால் வழியாக ஊருணிக்குப் போகும்படி கட்டியிருக்கிறார்கள். வீட்டைக் காப்பாற்றி ஊருணியைக் குப்பைமேடாக விட்டால் யாருக்கு என்ன காட்டுவது?

எங்கள் ஊருணிக்கு வரும் கால்வாய் மூன்று இடத்தில் தூர்ந்து கிடக்கிறது. பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பிள்ளைகளோடு இறங்கப் போகிறோம். இரண்டு பிரெஞ்சு விருந்தாளிகள் தாங்களும் மண்வெட்டி பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் வாருங்கள், மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் உண்டு.