149 ரூபாய் கேபிள், கருகிப்போன போன்: கடைக்காரரிடம் இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: ஈரோட்டில் தையல் வேலை செய்கிறேன். பேருந்து நிலையம் பக்கத்துக் கடை ஒன்றில் 149 ரூபாய்க்கு டைப்-சி கேபிள் வாங்கினேன். கவரில் '65 வாட் ஃபாஸ்ட் சார்ஜிங்' என்று மட்டும்தான் இருந்தது, கம்பெனி பெயர் இல்லை. பில் தரவில்லை, ஜிபேயில் பணம் கட்டினேன். பன்னிரண்டாம் நாள் இரவு சார்ஜ் ஏறும்போது கேபிள் முனை உருகி, போனின் சார்ஜிங் பின்னும் கருகிவிட்டது. போன் வாங்கி ஏழு மாதம்தான் ஆகிறது. சர்வீஸ் சென்டரில், 'வேறு கேபிள் போட்டதால் வாரண்டி கிடையாது, 2,850 ரூபாய் ஆகும்' என்கிறார்கள். கடைக்காரரோ, 'ஒயர் எப்படிம்மா போனைக் கெடுக்கும்? விற்ற பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம்' என்கிறார். இவ்வளவு சின்னத் தொகைக்கு வழக்குப் போட முடியுமா ஐயா? கையைக் கடிக்காத விலையில் நல்ல கேபிளை எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: போட முடியும், சகோதரி. தொகை சின்னது என்பதால் உங்கள் உரிமை சின்னதாகிவிடாது. ஆனால் சட்டப் பிரிவுகளுக்குப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. அந்தக் கருகிய கேபிளை எக்காரணம் கொண்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பலர் கோபத்தில் பழுதான பொருளைக் கடையிலேயே வீசிவிட்டு வந்துவிடுகிறார்கள். அப்புறம் நுகர்வோர் ஆணையத்தின் முன் காட்ட நம் கையில் ஒன்றும் இருக்காது.

கேபிளை அது வந்த கவரோடு சேர்த்து ஒரு உறையில் போட்டு, தேதி எழுதி வையுங்கள். போனின் கருகிய பின்னையும் கேபிள் முனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். சர்வீஸ் சென்டரில் வாயால் சொன்னது போதாது. என்ன பழுது, எதனால் ஆனது, எவ்வளவு செலவு என்று ஜாப் ஷீட்டில் (பழுது விவரச் சீட்டில்) எழுதி வாங்குங்கள். போன் இல்லாமல் தையல் ஆர்டர் வராது, உடனே சரிசெய்தாக வேண்டும் என்றால் செய்துகொள்ளுங்கள். ஆனால் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள். எந்த அடாப்டரில் செருகியிருந்தீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள், அந்த அடாப்டரும் பத்திரமாக இருக்கட்டும். 'அவர்கள்தான் தவறாகப் பயன்படுத்தினார்கள்' என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் பிரிவு 87 விற்பனையாளருக்கு அந்த வாதத்தைக் கொடுத்திருக்கிறது.

சரி, 'ஒயர் எப்படிப் போனைக் கெடுக்கும்' என்ற கேள்விக்கு வருவோம். முனை தளர்வாக இருந்தாலோ, உள்ளே பற்றவைத்தது சரியில்லை என்றாலோ அந்த இடத்தில் மின்தடை கூடும். 0.2 ஓம் தடை இருக்கும் இடத்தில் 3 ஆம்பியர் ஓடினால் 1.8 வாட் சூடு உண்டாகும். நகக்கண் அளவு முனைக்குள் இரவு முழுக்க அவ்வளவு சூடு தேங்கினால் பிளாஸ்டிக் உருகத்தான் செய்யும். வெறும் கேபிள் ஒன்று கருவியையே சாகடித்ததும் உண்டு. கூகுள் பொறியாளர் பென்சன் லியூங், 2015 முதல் டைப்-சி கேபிள்களைச் சொந்தமாக வாங்கிச் சோதித்து வந்தார். 2016 பிப்ரவரியில், உள்ளே கம்பிகளை மாற்றி இணைத்திருந்த ஒரு கேபிளைச் செருகியதும் அவருடைய மடிக்கணினி பழுதாகிப்போனது. அடுத்த மாதமே, தரவிதிக்கு ஒத்துவராத டைப்-சி கேபிள்களை விற்கக் கூடாது என்று அமேசான் தன் விதியில் சேர்த்தது. கடைக்காரரின் கேள்விக்கு, அவருக்கு அனுப்பப் போகும் நோட்டீஸில் இதையே எழுதலாம்.

இப்போது சட்டம். 2019-ம் ஆண்டுச் சட்டம் 'பொருள் பொறுப்பு' என்று ஒரு தனி அத்தியாயத்தையே கொண்டுவந்தது. பழுதான பொருள் வேறொரு உடைமைக்குச் சேதம் விளைவித்தால் இழப்பீடு கேட்கலாம். இங்கே பழுதான பொருள் கேபிள், சேதமான உடைமை போன். அச்சுப்பிசகாமல் பொருந்துகிறது.

யாரிடம் கேட்பது? தயாரித்தவர் யாரென்றே தெரியாதே என்று கலங்க வேண்டாம். தயாரிப்பாளர் யாரென்று தெரியாத பொருளை விற்றால், விற்றவரே பொறுப்பு என்கிறது பிரிவு 86. பெயரில்லாத சரக்கை விற்பவர் இந்தப் பிரிவை அறிந்திருந்தால் அதைக் கடையில் அடுக்கவே யோசிப்பார். கவரில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரித்த மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும் என்பது 2011-ம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகள். அவை இல்லாத கவரே உங்களுக்குச் சாட்சி. அதற்குத் தனியாக, தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம்.

'திரும்ப வாங்க மாட்டோம்' என்பது சட்டத்தின் முன் நிற்காது. பில்லில் வேறு காலக்கெடு இல்லை என்றால், பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை. பிரிவு 2(47) அப்படித்தான் சொல்கிறது. உங்கள் கேபிள் பன்னிரண்டாம் நாளே பழுதாகிவிட்டது. பில் தராததும் அதே பிரிவில் வருகிறது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்கு, வாங்குபவர் கேட்காவிட்டால் பில் கொடுக்காமல் விடலாம் என்று ஜிஎஸ்டி விதி கடைக்காரருக்கு இடம் தருகிறது. கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். ஆகவே இனிமேல் ஐம்பது ரூபாய்ப் பொருளானாலும் வாய்விட்டுக் கேளுங்கள். இந்த முறைக்கு ஜிபே பதிவு போதும், அந்தத் தேதியில் அந்தக் கடைக்கு 149 ரூபாய் போனதை அது காட்டும்.

சர்வீஸ் சென்டரையும் சும்மா விட வேண்டாம். வேறு கேபிள் போட்டாலே வாரண்டி போய்விடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். வாரண்டி அட்டையில் அப்படி ஒரு நிபந்தனை எழுதியிருக்கிறதா, அந்தக் கேபிளால்தான் சேதம் வந்தது என்று அவர்களால் காட்ட முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். அவர்கள் பதிலில் 'கேபிளால்தான்' என்று எழுதித் தந்தால், அதுவே கடைக்காரருக்கு எதிரான உங்கள் ஆவணம். எழுதித் தராவிட்டால் வாரண்டியை மறுக்க அவர்களுக்குக் காரணம் இல்லை.

அடுத்து, கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். வக்கீல் வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை, நீங்களே தமிழில் எழுதலாம். 15 நாள் அவகாசம் கொடுங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். இதற்கும் அசையவில்லை என்றால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், நீங்களே நேரில் வாதாடலாம். சோதனை இல்லாமல் பழுதை முடிவு செய்ய முடியாது என்று ஆணையம் கருதினால், கேபிளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அதற்காகத்தான் அதைப் பத்திரமாக வைக்கச் சொன்னேன். ஆய்வகச் சோதனைக்கு ஆணையம் முதலில் உங்களைத்தான் பணம் கட்டச் சொல்லும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், தீர்க்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும் என்பதை மறைக்க மாட்டேன். அதனால் கேபிள் விலை, பழுதுச் செலவு, அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு, இவ்வளவு கேளுங்கள். லட்சக்கணக்கில் கேட்டால் உண்மையான குறையும் மிகையாகத் தெரியும். நோட்டீஸ் கையில் கிடைத்ததும் கடைக்காரர் 2,850 ரூபாயைக் கொடுத்து முடித்துக்கொள்ள வந்தால், எழுத்தில் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள் என்பதே என் யோசனை. எதுவானாலும் சேதம் நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும்.

கேபிள் வாங்குவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் உங்கள் அடாப்டரில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர் தாங்கும், இருமுனையும் டைப்-சி என்றால் 60 வாட் வரை போகும். அதைத் தாண்ட வேண்டுமானால் முனைக்குள் ஒரு அடையாளச் சிப் இருக்க வேண்டும், அதற்கு விலை கூடும். 149 ரூபாய் கவரில் 65 வாட் என்று பார்த்தபோதே சந்தேகப்பட வேண்டியது அதனால்தான். 65, 80 வாட் என்று தனி முறையில் வேகமாக ஏறும் போன்களுக்கு அந்தந்தக் கம்பெனிக் கேபிளில்தான் முழு வேகம் கிடைக்கும். அந்த வேகம் தேவையில்லை என்றால் 3 ஆம்பியர் கேபிளே தாராளம்.

நீளம் ஒரு மீட்டர் போதும். மெல்லிய 28 கேஜ் கம்பியில் 2 ஆம்பியர் ஓடினால் ஒரு மீட்டருக்குள்ளேயே 5 வோல்ட்டில் 0.85 வோல்ட் வீணாகிவிடும். இரண்டு மீட்டர் மலிவுக் கேபிளில் சார்ஜ் ஆமை வேகத்தில் ஏறுவது இதனால்தான். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமன். செருகிப் பாருங்கள், முனை ஆடக் கூடாது. மேலே துணி பின்னியிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், அது உள்ளே இருக்கும் செம்பைப் பற்றி எதையும் சொல்லாது. அடாப்டரும் வாங்குவதாக இருந்தால், ஆர் (R) எழுத்தில் தொடங்கும் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணைப் பார்த்து, பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் சரிபாருங்கள்.

கூட ஒரு நூறு, நூற்றைம்பது போனாலும், கவரில் இந்திய முகவரியும் வாடிக்கையாளர் தொலைபேசி எண்ணும் ஆறு மாத வாரண்டியாவது உள்ள கேபிளாக வாங்குங்கள். கடையிலேயே ஜிபே செய்யும் முன் கவரின் பின்புறத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லில் வெறுமனே 'மொபைல் பொருள்' என்று எழுதாமல் கேபிளின் பெயரையும் வாட்டையும் எழுதச் சொல்லுங்கள்.