பிள்ளைக்குக் கவாசாகி (காய்ச்சலோட இரத்தக்குழாய்கள் அழற்சியாகிற நோய்). எக்கோ (இதய ஸ்கான்) நோர்மல் எண்டிட்டினம், திரும்பவும் யாழ்ப்பாணம் போகத்தான் வேணுமோ?

ஓம், கட்டாயம் போங்கோ. காய்ச்சல் தொடங்கி ஆறாம் நாள் எக்கோவில வந்த ஈ.எஃப். 65% இதயம் பம்ப் பண்ணுற பலத்தை மட்டும்தான் சொல்லும். கவாசாகியில பயம் கொரோனரி நாடி (இதயத்துக்கே இரத்தம் குடுக்கிற குழாய்) வீங்கிறது. அது பலவேளை காய்ச்சல் விட்ட பிறகுதான் தெரியவரும்.

ரிப்போர்ட்டில எல்.ஏ.டி., ஆர்.சி.ஏ. எண்ட ரெண்டு கொரோனரி நாடியளின்ர அளவும், பிள்ளையின்ர உடம்பளவுக்கு அது எவ்வளவு கூட எண்டு காட்டுற இஸட் ஸ்கோரும் இருக்கோ பாருங்கோ. இஸட் ஸ்கோர் 2.5 அல்லது அதுக்கு மேல எண்டால் அனியூரிசம் (நாடி வீக்கம்). வெறும் ‘நோர்மல்’ எண்டு மட்டும் இருந்தால் டொக்டரிட்டக் கேளுங்கோ. கத்தி அழுற பிள்ளையில நாடி சரியா அம்பிடாது.

வழமையா சிகிச்சைக்குப் பிறகு 1–2 கிழமையிலயும் 4–6 கிழமையிலயும் எக்கோ திரும்ப எடுப்பினம். கிளிநொச்சியில இருந்து பிள்ளையோட பஸ்ஸில அலையிறது கரைச்சல்தான். ஆனால் காய்ச்சல் திரும்பினால், இல்லாட்டி காய்ச்சலில்லாமலே நெஞ்சு படபடவெண்டு அடிச்சு மூச்சு வாங்கினால், கிளினிக் திகதி பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. டொக்டர் தந்த அஸ்பிரினை நீங்களா நிப்பாட்டவும் வேண்டாம்.