தண்ணீர் நிற்க ஓர் இடம்

கேள்வி: ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் வடிகால்களை அகலப்படுத்துகிறார்கள், ஆயினும் எங்கள் தெருவில் தண்ணீர் தேங்குகிறது. பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ள நகரத் திட்டமிடலால் உண்மையில் ஏதேனும் செய்ய முடியுமா?
– ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: முடியும், ஆனால் அந்த வேலை வடிகாலில் தொடங்குவதில்லை. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும் என்பதால், குறுகிய நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை இனி அதிகரிக்கவே செய்யும். சென்னையோ கடல்மட்டத்தைவிடச் சில மீட்டரே உயர்ந்த தட்டையான ஊர். புயலால் கடல் பொங்கி நிற்கும் வேளையில் முகத்துவாரங்கள் ஆற்றுநீரை உள்வாங்காதபோது, எவ்வளவு அகலமான வடிகாலும் பாதி உதவிதான்.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 2011 ஜூலை 2 அன்று சுமார் இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 15 செ.மீ. மழை பெய்தது. அடுத்த ஆண்டே அந்நகரம், எந்தப் பூங்காவில் தண்ணீர் நிற்கலாம், எந்தச் சாலை வழியே அது ஓடலாம் என்பதை முன்கூட்டியே வரையறுத்து, சுமார் 300 பணிகளை 20 ஆண்டுகளில் முடிக்கும் திட்டத்தை வகுத்தது. எங்ஹாவே பூங்கா இன்று 22,000 கன மீட்டருக்கும் மேற்பட்ட மழைநீரைத் தாங்கும். மற்ற நாட்களில் அது பிள்ளைகள் விளையாடும் இடம். நிலத்தடிக் குழாய்களை மட்டும் பெரிதாக்குவதைவிட இதற்குச் செலவு குறைவு என்பது அவர்களுடைய கணக்கு.

இந்த ஏற்பாடு நமக்குப் புதியதன்று. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் எனப்படும் உபரிநீர்ப் போக்கி வழியே அடுத்த ஏரிக்கு நீர் இறங்கும் சங்கிலியைத்தான் நாம் மனைகளாக மாற்றினோம். தியாகராய நகரே 1920களில் ஏரி நிலத்தில் எழுந்ததுதான். வேளச்சேரிப் பக்கத்து நீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு என்னும் நீர்வழி வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்க வேண்டும். அந்தச் சதுப்புநிலத்தில் சுமார் 1,248 ஹெக்டேர் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. எஞ்சியதன் பெரும்பகுதியில் குப்பைக்கிடங்கும் அலுவலகக் கட்டடங்களும் குடியிருப்புகளும் நிற்கின்றன.

எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை வரையறுக்கும், 2008இல் நடைமுறைக்கு வந்த சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) சதுப்புநிலத்துக்கும் நிலத்தடி நீர்ச் செறிவூட்டலுக்கும் தனி மண்டலங்களை வகுத்திருந்தது. அதன் காலம் 2026உடன் முடிகிறது. அடுத்த திட்டத்தின் வரைவு ஆட்சேபணைக்காக வெளியிடப்படும்போது, உங்கள் பகுதியின் சர்வே எண்கள் எந்த நிலப்பயன்பாட்டில் காட்டப்பட்டுள்ளன என்று பார்த்து, குறிப்பிட்ட காலக்கெடுவுக்குள் எழுத்து மூலம் தெரிவியுங்கள். தேங்கிய நீரின் நிழற்படத்தைவிட அந்த ஒரு கடிதத்துக்கு வலு அதிகம் என்பது என் கருத்து.

கேள்வி: வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு இருந்தால் வெள்ளம் வராதல்லவா?
– மற்றொரு வாசகர், திருவான்மியூர்

பதில்: 2003 முதல் தமிழ்நாட்டில் அது கட்டாயம், கோடைக்கால நீருக்கு அதன் பயன் பெரிது. உங்கள் கடற்கரை மணல் நீரை விரைவாக உறிஞ்சும். ஆனால் களிமண் பாங்கான தாழ்நிலத்தில், வடகிழக்குப் பருவமழையின் நடுவில் நிலத்தடி நீர் ஏற்கெனவே மேலே வந்துவிட்டால், உறிஞ்சுகுழியில் இறங்க இடமிருக்காது. அங்கே ஏரியும் சதுப்புநிலமும்தான் தாங்க வேண்டும்.